டெஸ்பரேட்லி: வாடும் பயிருக்கும் கருகிய பயிருக்கும் நடுவில் ஒரு சொல்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தம் ஊர் விவசாயிகளுக்காக ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதியிருக்கிறார். அதில் விவசாயிகள் தண்ணீருக்காக 'டெஸ்பரேட்லி வெயிட்டிங்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. மனுவைப் படித்துப் பார்த்த அவருடைய சித்தப்பா, "அந்தச் சொல்லுக்கு நம்பிக்கையற்று என்றல்லவா பொருள்? நம்பிக்கை இல்லாதவன் எதற்கு மனுக் கொடுக்கிறான்?" என்று கேட்டு, அதை அடித்துவிட்டாராம். யார் சொல்வது சரி, அந்தச் சொல்லை எங்கே எப்படிப் பயன்படுத்துவது, தமிழில் அதற்கு நேரான சொல் எது என்பவை அவருடைய கேள்விகள்.

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் சித்தப்பா சொல்வது அந்தச் சொல்லின் பிறப்பைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. நீங்கள் எழுதியது அதன் இன்றைய வழக்குக்கு நெருக்கமானது. ஆயினும், நீங்கள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த வினைச்சொல் அவ்வளவு பொருத்தமானதன்று.

பிறப்பிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் 'ஸ்பேஸ்' என்றால் நம்பிக்கை. 'ஸ்பெராரே' என்றால் நம்புதல், எதிர்நோக்குதல். அதற்கு முன்னால், நீங்குதலைக் குறிக்கும் 'டெ' என்ற முன்னொட்டுச் சேர்ந்து 'டெஸ்பெராரே' ஆயிற்று. நம்பிக்கை நீங்குதல் என்பது அதன் பொருள். அந்த வினையிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு 'டெஸ்பரேட்' என்ற பெயரடை வந்தது. 'டெஸ்பேர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. இதே வேரின் நல்ல கிளைகளும் உண்டு. 1887-இல் சாமென்ஹோஃப் தாம் உருவாக்கிய பொதுமொழியை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டபோது, நம்பிக்கை கொண்டவர் என்று பொருள்படும் 'எஸ்பெராண்டோ' என்பதைத் தம் புனைபெயராக வைத்துக்கொண்டார். பின்னாளில் அந்த மொழிக்கே அது பெயராகிவிட்டது. ஸ்பானிய மொழியில் 'எஸ்பெரார்' என்னும் வினைக்கு நம்புதல், காத்திருத்தல் ஆகிய இரு பொருள்களும் உண்டு. காத்திருப்பதும் நம்புவதும் ஒன்றே என்று ஒரு மொழி முடிவு செய்துவிட்டிருப்பதைக் காவிரிக் கடைமடையில் உள்ளவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

பிறப்பு இப்படியிருக்க, வழக்கு எப்படி மாறிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம்பிக்கை முழுதும் போனவன் இரண்டு விதமாக நடந்துகொள்ளக்கூடும். ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். மற்றொருவன், இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில், சாதாரண நாளில் செய்யத் துணியாத காரியங்களையெல்லாம் செய்து பார்க்கிறான். ஆங்கிலம் 'டெஸ்பரேட்' என்ற சொல்லை இந்த இரண்டாமவனுக்கே கொடுத்துவிட்டது. எதற்கும் துணிந்த முரட்டுக் குற்றவாளியைக் குறிக்கும் 'டெஸ்பெராடோ' என்ற சொல், ஸ்பானியச் சாயலில் ஆங்கிலேயர் உண்டாக்கிக்கொண்டது. அதில் இருப்பதும் இந்தத் துணிவுதான். முதலாமவனுக்கு ஆங்கிலத்தில் வேறொரு வினையடை இருக்கிறது: 'ஹோப்லெஸ்லி'.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் வயலிலேயே காட்டலாம். மேட்டூர் அணையில் 120 அடிக்கு நீர் நிரம்பி நின்ற ஆண்டுகளும் உண்டு. வழக்கமான ஜூன் 12 கடந்தும் மதகு திறக்கப்படாத ஆண்டுகளும் உண்டு. நீர் வராத ஆண்டில், அல்லது வந்தும் முறை வைத்து விட்டதால் கடைமடையை எட்டாத ஆண்டில், நாற்று வாடத் தொடங்குகிறது. அப்போது ஒரு விவசாயி ஆயில் எஞ்சினை வாடகைக்குப் பிடித்து, வடிகாலில் தேங்கிய தண்ணீரையாவது இறைத்து விடுகிறார். அதுவும் வற்றினால் பக்கத்து ஊர் ஆழ்குழாய்க் கிணற்றுக்காரரிடம் போய்க் கெஞ்சுகிறார். குடத்தில் நீர் மொண்டு வந்து நாற்றங்காலில் தெளிக்கிறார். அவர் செய்வதெல்லாம் 'டெஸ்பரேட்லி'. பயிர் கருகிச் சருகான பிறகு வரப்பில் நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அந்தப் பார்வை 'ஹோப்லெஸ்லி'. ஆகவே, வேர்ச்சொல் 'நம்பிக்கை நீங்கி' என்று சொன்னாலும், இன்றைய ஆங்கிலத்தில் இந்த வினையடை வரும் இடத்தில் பெரும்பாலும் ஒரு துளி நம்பிக்கை மிச்சமிருக்கிறது. அந்தத் துளிக்காகத்தான் அத்தனை பாடும். நம்பிக்கை இல்லாதவன் ஏன் மனுக் கொடுக்கிறான் என்ற உங்கள் சித்தப்பாவின் கேள்விக்கு இதுவே விடை: மனுக் கொடுப்பதே அந்தச் சொல்லின் செயல்வடிவம்.

இனிப் பயன்பாட்டைப் பார்ப்போம். இந்த வினையடைக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. பல மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வேலை, ஒரு செயல் எவ்விதம் செய்யப்பட்டது என்று சொல்வது. கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகிக் கரை உடைப்பெடுத்தபோது ஊரார் மணல் மூட்டைகளையும் சவுக்குக் கட்டைகளையும் போட்டு அதை அடைக்கப் பாடுபட்டார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதினால், 'டெஸ்பரேட்லி ட்ரைட்' என்ற தொடர் இயல்பாக அமையும். தேடினார்கள், போராடினார்கள், பற்றிக்கொண்டார்கள், கூவி அழைத்தார்கள் போன்ற வினைகளோடும் அது சேரும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்துபோன பின், நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் பிள்ளைகளைத் தேடி மருத்துவமனைக்கும் கடற்கரைக்குமாக ஓடியவர்களைப் பற்றி எழுதும்போது 'டெஸ்பரேட்லி சர்ச்டு' என்பதைவிடச் சரியான தொடர் ஆங்கிலத்தில் இல்லை. இங்கெல்லாம் முயற்சி இருக்கிறது, அவசரம் இருக்கிறது, தோற்றுவிடுவோமோ என்ற அச்சமும் இருக்கிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சொல் சற்றுத் தளர்ந்துவிடும்.

இரண்டாம் வேலை, அளவைக் கூட்டிச் சொல்வது. 'டெஸ்பரேட்லி புவர்' என்றால் கொடிய வறுமையில் இருப்பவர். அவர் வறுமையில் இருந்துகொண்டு ஏதோ முயல்கிறார் என்பதன்று பொருள். 'டெஸ்பரேட்லி இல்' என்றால் உயிருக்கு ஆபத்தான நிலையில் நோயுற்றிருப்பவர். அவர் நினைவிழந்து படுத்திருந்தாலும் அந்தச் சொல் பொருந்தும். 'டெஸ்பரேட்லி நீட்', 'டெஸ்பரேட்லி ஷார்ட்' ஆகியவையும் இவ்வகையே. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன நாள்களில், தார்ப்பாயும் மெழுகுவத்தியும் குடிநீரும் எங்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டன என்பதை வெளியூர் நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதியபோது நானும் இந்தத் தொடரைத்தான் பயன்படுத்தினேன். அது மிகையன்று.

அளவு கூட்டும் இந்த வேலைக்கு ஓர் எல்லை உண்டு. இது பொதுவாகத் துன்பம், குறை, தேவை, ஏக்கம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களோடுதான் சேரும். வருத்தம், தனிமை, களைப்பு, பற்றாக்குறை எல்லாவற்றுக்கும் பொருந்தும். காதலுக்கும் பொருந்தும், ஏனெனில் காதலில் ஏக்கம் இருக்கிறது. மகிழ்ச்சிக்குப் பொருந்தாது. தேர்வில் முதலிடம் பெற்ற மாணவன் ஒருவன் தான் 'டெஸ்பரேட்லி ஹேப்பி' என்று கட்டுரையில் எழுதியிருந்தான். "அவ்வளவு துன்பப்பட்டா மகிழ்ந்தாய்?" என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அவனுக்குப் புரிந்ததா என்று அன்று கேட்கவில்லை.

எதிர்மறையில் இந்தச் சொல் எடுக்கும் வேடம் வேறு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ஒருவர், தமக்கு ஒரு விஷயத்தில் 'நாட் டெஸ்பரேட்லி' ஆர்வம் என்று சொன்னால், அங்கே தவிப்பும் இல்லை, துயரமும் இல்லை. "அப்படியொன்றும் ஆசையில்லை" என்று நாம் இழுத்துச் சொல்வோமே, அந்தத் தொனிதான் அது. "தலைபோகிற அவசரமில்லை" என்பதும் அதற்குக் கிட்டத்தட்ட நேராகும். இதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து "நான் விரக்தியுடன் ஆர்வம் கொள்ளவில்லை" என்று எழுதிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கும் அதன் பொருள் தெரிந்திருக்காது.

அண்டைச் சொற்கள் சிலவற்றையும் பிரித்தறிய வேண்டும். 'ஃப்ரான்டிக்லி' என்பதில் பதற்றமும் ஓட்டமும் மிகுதி. பேருந்து புறப்படும் நேரத்தில் பயணச்சீட்டைத் தேடுவது அது. 'ஆங்ஷஸ்லி' என்பது மனத்துக்குள் நடக்கும் கவலை. கைகால் அசைய வேண்டியதில்லை. 'ஈகர்லி' என்பது ஆவல். அதில் அச்சம் இல்லை. 'இன் டெஸ்பரேஷன்' என்ற தொடர், எல்லா வழியும் அடைபட்ட பின் கடைசியில் எடுத்த ஒரு குறிப்பிட்ட முடிவைச் சொல்ல வருகிறது. எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழியின்றித் தாலிக்கொடியை அடகு வைத்தாள் என்னும் இடத்தில் வினையடையைவிட இந்தத் தொடரே நன்றாக அமையும்.

'டிஸ்ட்ரெஸ்' என்ற சொல்லைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்; ஏனெனில் அது நம் ஆற்றோடு சட்டப்படியே ஒட்டிக்கொண்ட சொல். 1990-இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007-இல் அளித்த இறுதித் தீர்ப்பில், ஆற்றில் நீர்வரத்துக் குறையும் 'டிஸ்ட்ரெஸ்' ஆண்டுகளில் மாநிலங்களின் பங்கை விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்த பின்னும், மழை குறையும் ஆண்டுகளில் விவாதம் அந்தச் சொல்லைச் சுற்றியே வருகிறது. தமிழில் 'பற்றாக்குறைக் காலம்', 'இடர்ப்பாட்டுக் காலம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். அது ஒரு நிலையின் பெயர், அளந்து பார்க்கக்கூடியது, அணைக்கு வரும் நீரையும் பெய்த மழையையும் கணக்கிட்டு ஓர் ஆண்டு அப்படிப்பட்டதா இல்லையா என்று வாதிடலாம். அந்த நிலையில் சிக்கிய மனிதன் என்ன செய்கிறான் என்பதைச் சொல்லும்போதுதான் 'டெஸ்பரேட்லி' வருகிறது. ஆற்றுக்கு 'டிஸ்ட்ரெஸ்' உண்டு; 'டெஸ்பரேஷன்' ஆற்றுக்கு இல்லை, கரையில் இருப்பவனுக்குத்தான்.

தமிழில் நேரான சொல் எது என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே சொல்லாக இல்லை. அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. அகராதிகளில் 'நம்பிக்கையற்று', 'விரக்தியுடன்' என்றெல்லாம் கிடைக்கும். இவை வேர்ச்சொல்லை மொழிபெயர்க்கின்றனவே தவிர, வழக்கை மொழிபெயர்க்கவில்லை. நம் இலக்கணத்தில் 'கையறுநிலை' என்று ஒரு புறத்துறை உண்டு: தலைவன் இறந்துபட்டான், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையில் பிறக்கும் இரங்கற் பாட்டு. கை அற்றுப்போவது என்பது எவ்வளவு துல்லியமான சொல்லாட்சி! ஆனால் அது 'ஹோப்லெஸ்'. நாம் தேடும் சொல்லில் கை இன்னும் அறவில்லை. எதையாவது பற்றிவிட நீண்டுகொண்டிருக்கிறது.

தமிழ் இந்தப் பொருளை வினையடையாக எடுத்துச் சொல்வதைவிட, வினையையே இரட்டித்துச் சொல்வதை விரும்புகிறது. தவியாய்த் தவித்தான், துடியாய்த் துடித்தாள், அலையாய் அலைந்தார்கள், கெஞ்சாத கெஞ்செல்லாம் கெஞ்சினான், படாத பாடு பட்டார். ஆங்கிலம் ஒரு வினைக்குப் பக்கத்தில் வேறொரு சொல்லை நிறுத்திச் சாதிப்பதைத் தமிழ் அந்த வினையையே இன்னொரு முறை அழுத்திச் சாதிக்கிறது. 'அழாத குறையாகக் கேட்டான்' என்பதும் அருமையான தொடர். அழுகை வரவில்லை, வருவதற்கு ஒரு நூல் இடைவெளிதான் என்பதில், மிச்சமிருக்கும் அந்தத் துளி நம்பிக்கையும் அடங்கிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் "தண்ணிக்கு அல்லாடுறோம்" என்பார்கள். 'டெஸ்பரேட்லி ஷார்ட் ஆஃப் வாட்டர்' என்பதை மொழிபெயர்க்க என்னிடம் யாராவது கேட்டால், அல்லாடுதல் என்ற சொல்லையே முதலில் தருவேன். எழுத்து நடைக்குத் தத்தளித்தல், பரிதவித்தல் ஆகியவை பொருந்தும்.

ஆகவே மொழிபெயர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, ஆங்கில வாக்கியத்தில் இந்த வினையடை எந்தச் சொல்லைத் தழுவி நிற்கிறது என்பதைத்தான். முயற்சியைக் குறிக்கும் வினையைத் தழுவினால் 'உயிரைக் கொடுத்து', 'எப்படியாவது', 'செய்வதறியாது' போன்றவற்றில் ஒன்று இடத்துக்கேற்ப அமையும். வறுமையையும் நோயையும் தழுவினால் 'கொடிய', 'கடும்' என்ற அடைகளே போதும். அங்கே தவிப்பைக் கொண்டுவந்து திணித்தால் வாக்கியம் நாடகமாகிவிடும். விருப்பத்தைத் தழுவினால் 'ஏங்குதல்' என்ற ஒரே வினையில் இரண்டும் அடங்கிவிடும். 'டெஸ்பரேட்லி வான்டட்' என்பதற்கு 'மிகவும் தீவிரமாக விரும்பினாள்' என்று எழுதுவதைவிட 'ஏங்கினாள்' என்று ஒரே சொல்லில் முடிப்பது எவ்வளவோ மேல்.

இளைஞர் பேச்சில் இந்தச் சொல் தமிழாகவே ஆகிவிட்டது என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். "அவன் ரொம்ப டெஸ்பரேட்டா இருக்கான்" என்று கல்லூரியில் சொன்னால், பெரும்பாலும் காதலுக்கோ பிறர் கவனத்துக்கோ ஏங்கித் தன் மதிப்பைக் குறைத்துக்கொள்கிறான் என்ற ஏளனம் அதில் இருக்கும். இந்த ஏளனச் சாயல் ஆங்கிலத்திலும் உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் "எனக்கு இந்த வேலை டெஸ்பரேட்லி தேவை" என்று எழுத வேண்டாம் என்று நான் மாணவர்களைத் தடுத்ததற்கு இதுவே காரணம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவர் அதைத் தகுதிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளமாட்டார். விடுப்புக் கடிதத்தில் 'டெஸ்பரேட்லி ரெக்வெஸ்ட்' என்று எழுதுவதும் அப்படித்தான். கேட்பது ஒருநாள் விடுப்பு, சொல்லோ உயிர்போகிற சொல்.

வாக்கியத்தில் இதன் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதன்மை வினைக்கு முன்னால், துணைவினை இருந்தால் அதற்குப் பின்னால் வரும். பெயரடையைத் தழுவினால் அதற்கு நேர்முன்னால் நிற்கும். இந்த வினையடையையும் அடுத்த சொல்லையும் சிறுகோடு போட்டு இணைக்கக்கூடாது. உச்சரிப்பில் நம்மவர் 'ரேட்' என்று நீட்டிச் சொல்கிறார்கள். நானும் பழக்கத்தால் இங்கே அப்படித்தான் எழுதுகிறேன். ஆங்கிலேயர் நாவில் அது 'டெஸ்ப்ரட்லி' என்றுதான் ஒலிக்கும். அழுத்தம் முதல் அசையில்.

உங்கள் மனுவுக்குத் திரும்புவோம். 'காத்திரு' என்ற வினை பொருத்தமில்லை என்று முதலில் சொன்னேன். காத்திருப்பவர் அசையாமல் இருக்கிறார். இந்த வினையடையோ அசைவைக் கேட்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதுவது தவறில்லை, ஆங்கிலேயரும் எழுதுகிறார்கள். ஆனால் கவலையோடு காத்திருப்பதற்கு 'ஆங்ஷஸ்லி' என்ற சொல் இருக்கும்போது, வலிய சொல்லை அங்கே செலவழிப்பானேன்? மேலும், மனுவைப் பெறும் அதிகாரியின் இடத்திலிருந்து பாருங்கள். 'டெஸ்பரேட்லி' என்பது எழுதுபவரின் நிலையைச் சொல்கிறது. 'அர்ஜென்ட்லி' என்பது படிப்பவரின் கடமையைச் சொல்கிறது. முன்னதைப் படித்து அவர் இரக்கப்படலாம். பின்னதைப் படித்தால் தேதி பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே, உங்கள் இடத்தில் நானாக இருந்தால் மனுவின் முதல் வரியில் 'அர்ஜென்ட்லி' என்று போட்டு, எந்த வாய்க்காலில் எத்தனை நாளாக நீர் வரவில்லை, எத்தனை ஏக்கரில் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது, எந்தத் தேதிக்குள் ஒரு நனைப்பாவது கிடைத்தால் பிழைக்கும் என்பவற்றை எண்களோடு எழுதுவேன். விவசாயிகள் இதுவரை என்னென்ன செய்து பார்த்தார்கள் என்று சொல்லும் இரண்டாம் பத்தியில், எஞ்சின் வாடகைக்கு எடுத்ததையும் குடத்தில் சுமந்ததையும் சொல்லும் இடத்தில், பயிரைக் காப்பாற்ற 'டெஸ்பரேட்லி ட்ரையிங்' என்று ஒரே ஒரு முறை எழுதுவேன். அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினால் உங்கள் சித்தப்பா அடிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

அனுப்புவதற்கு முன் எழுத்துக்கூட்டலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'பி' எழுத்துக்கும் 'ஆர்' எழுத்துக்கும் நடுவில் வருவது 'இ'. 'செப்பரேட்' என்ற சொல்லின் நினைவில் அங்கே 'ஏ' போட்டுவிடுவது, ஆங்கிலம் நன்கறிந்தவர்களும் செய்யும் பிழை.